அரைக் கோக்கா

வா மாப்ள, வா. செருப்பைத் திண்ணைக்குக் கீழ விடு. அந்தத் தொங்கிப்போன மூஞ்சியையும் அங்கேயே கழட்டி வெச்சுட்டு மேல வந்து உக்காரு. உங்க அத்தை மோர் கலக்குறா, வந்துரும்.

நீ வர்றதுக்கு முன்னாடியே சேதி டீக்கடைக்கு வந்துருச்சு. ரேஞ்சுல சுடுறப்போ நம்ம மாப்பிள்ளையோட த்ரீ நாட் த்ரீ ரைபிளுக்குள்ள தோட்டா பாதியா ஒடிஞ்சு நின்னுபோச்சாம். மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புனாராம். இப்போ மாப்பிள்ளை கையில மெமோவாம். டீ ஆத்துறவன் கேக்குறான்: "பெருசு, அப்போ உள்ள இருக்கிறது பாதியா, வெளிய வந்தது பாதியா?" நல்ல கேள்விதான். மெமோ எழுதின மகராசன் கேட்டதைவிட நல்ல கேள்வி.

நெம்புனதைத் தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். நான் வெலிங்டன்ல மதராஸ் ரெஜிமெண்டுல சேந்தப்போ "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு தொண்டை கிழியக் கத்தச் சொல்லிக் குடுத்தாங்க. அடின்னாங்க, கொல்லுன்னாங்க. நெம்புன்னு ஒருத்தனும் சொல்லல. நீ போலீஸ்காரன், உனக்கு வேற பாடம் நடத்தியிருப்பாங்க.

வந்தது வந்துட்ட. இன்னும் சில நல்ல வழி இருக்கு, கேட்டுக்க. அடுத்த மெமோவுக்கு ஆகும்.

உள்ள என்ன இருக்குன்னு தெரியலையா? குழல் வாயில கண்ணை வெச்சுப் பாரு. வீட்டுல பந்தல்காரனுக்குச் சொல்லிட்டுப் பாரு. இல்லையா, அடுத்த தோட்டாவை எடுத்துப் பின்னாடி திணி. போல்ட் மூடலேன்னா உள்ளங்கையால ஒரு தட்டு தட்டு. புதுசு பழசை முன்னாடி தள்ளிக்கிட்டுப் போயிரும்னு ஒரு நெனப்பு. ஒரு சதுர அங்குலத்துக்கு 18, 19 டன்னு அழுத்தம் கெளம்புற எடம் மாப்ள அது. சும்மாவா? நம்மூர் நெல் லாரி மொத்தமும் உன் கட்டைவிரல் நகத்து மேல ஏறி நிக்கிற மாதிரி. போல்ட் முழுசா பூட்டாம வெடிச்சா அது தள்ளுற திசையில உன் மூஞ்சிதான் இருக்கு. இப்போவே அது அவ்வளவு நல்லா இல்ல.

மூணாவது வழி நம்ம ஊரு வழி. நீளமா ஒரு இரும்புக் கம்பி, ஒரு சுத்தியல். குழல் வாய் வழியா கம்பியை விட்டு டங்கு டங்குன்னு அடிக்கிறது. நீ கூட அதைச் செஞ்சு பாத்திருப்பியே? பாத்தியா, தலையைக் குனியிற. கம்பி என்ன ஆச்சு? சர்ருன்னு இந்தப் பக்கம் வந்துருச்சா? வராம? அடியில்லாத சொம்புக்குள்ள கையை விட்டுக்கிட்டு அடியைத் தள்ளுறேன்னா எதைத் தள்ளுவ?

இதைக் கொஞ்சம் நிதானமாக் கேளு. ஏன்னா இந்த எடத்துலதான் படிச்ச ஆளுங்களும் சறுக்குறாங்க. தோட்டா மாட்டிக்கிறதுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு, கோக்கா, அதான் தோட்டாவோட பித்தளைக் கூடு, முழுசா இருக்கும், ஆனா அறைக்குள்ள, தோட்டா உக்காருற எடத்துல, இறுகிப் பிடிச்சுக்கும். போல்ட்டோட கொக்கி அடி விளிம்பைக் கடிச்சு இழுக்கும், விளிம்பு பிஞ்சு வந்துரும், கோக்கா அசையாது. அதுக்குக் கம்பி சரியான மருந்து. முன்னாடி வழியா விட்டா, கோக்காவோட உள் அடியில போயி முட்டும், தள்ளுனா வந்துரும். வியட்நாம்ல 1966, 67-ல அமெரிக்கக்காரனுக்கு எம்-16 ரைபிள்ல வந்த சீக்கு இதுதான். தோட்டாவுக்குள்ள மருந்தை மாத்திட்டானுங்க, அறைக்குக் குரோமியம் பூசல, போதாக்குறைக்கு இந்த ரைபிளுக்குச் சுத்தமே வேணாம்னு ஒரு பேச்சைக் கெளப்பி விட்டானுங்க. துடைக்கிற சாமானும் ஒழுங்கா வந்து சேரல. ஈரக் காட்டுல கோக்கா போயி ஒட்டிக்கிச்சு. பயலுக துடைக்கிற கம்பியை ரைபிள் மேலேயே டேப் போட்டு ஒட்டிக்கிட்டுச் சண்டைக்குப் போனாங்க. ஒரு வெடி, ஒரு குத்து. 1967-ல அவுக பார்லிமெண்டுக் கமிட்டியே உக்காந்து விசாரிச்சு அறிக்கை எழுதுச்சு. உனக்கு ஒரு மெமோதான், சந்தோஷப்படு.

ஆனா உன்னோடது ரெண்டாவது சாதி. அடிப்பாகம் வட்டமா அத்துக்கிட்டு கொக்கியோட வெளிய வந்துருச்சு. மிச்சம் ரெண்டு பக்கமும் தொறந்த குழாயா அறைக்குள்ள உக்காந்துக்கிச்சு. போட்ட மோதிரத்துக்குள்ள விரலு இல்லாத மாதிரி. கம்பிக்கு முட்ட எடமே இல்ல. முன்னாடி இருந்து தள்ளினாலும் காத்து, பின்னாடி இருந்து குத்தினாலும் காத்து.

இதுக்கு என்ன பண்ணலாம்? நம்ம கெணத்துல வாளி அறுந்து விழுந்தா உங்க அத்தை என்ன பண்ணுவா? கெணத்துக்குள்ள கடப்பாரையைப் போட்டு நெம்புவாளா? பக்கத்து வீட்டுல போயி பாதாளக்கரண்டி வாங்கிட்டு வருவா. அதேதான். ஒடிஞ்ச கோக்காவுக்குன்னு ஒரு பாதாளக்கரண்டி இருக்கு. நான் கோத்துல பதினோரு வருஷம் இருந்தேன், ஆர்மரருக்குக் கையாளா. எங்க ஆயுத அறையைத்தான் கோத்துன்னு சொல்லுவோம். அந்தச் சாமான் ஒரு தகர டப்பாவுக்குள்ள எண்ணெய்த் துணி சுத்திக் கெடக்கும். பாத்தா தோட்டா மாதிரியே இருக்கும், ஆனா இரும்பு. பின்னாடி தோட்டாவுக்கு இருக்கிற மாதிரியே விளிம்பு. முன்னாடி மூக்குல சின்னதா ஒரு உதடு. அவ்வளவுதான்.

முதல்ல மேகசினைக் கழட்டணும். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பணும். அறைக்குள்ள உசுருள்ள தோட்டா எதுவும் இல்லைன்னு கண்ணாலயும் பாக்கணும், சுண்டுவிரலாலயும் தொட்டுப் பாக்கணும். ஏன்னா முக்கால்வாசி நேரம் என்ன நடக்குதுன்னா, அடி மட்டும் வந்தது தெரியாம அடுத்த தோட்டாவை ஏத்திருப்பான். அது போயி ஒடிஞ்ச குழாய்க்குள்ள பாதி சொருகி நிக்கும். அதைப் பொறுமையா பின்னாடி இழுத்தா, சில நேரம் ஒடிஞ்சதையும் கூடவே கூட்டிக்கிட்டு வந்துரும், முள்ளை முள்ளால எடுத்த கணக்கா. தானா வந்தா கும்புடு போட்டு வாங்கிக்க. அதுக்காக நீயே ஒரு தோட்டாவைச் சொருகி வித்தை காட்டாத.

குழல் சூடா இருந்தா ஆற விடு. பித்தளைக்கும் கோவம் தணியணும். அப்புறம் அந்த இரும்புத் தோட்டாவை அறைக்குள்ள வெச்சு போல்ட்டை மெதுவா மூடு. மூக்கு ஒடிஞ்ச கோக்காவோட கழுத்து வழியாப் புகுந்து அந்தப் பக்கம் போயிரும். உதடு கோக்காவோட வாயில மாட்டிக்கும். பின்னாடி கொக்கி விளிம்பைப் பிடிச்சுக்கும். இப்போ போல்ட்டைத் தொற. வந்துருச்சா? வரலையா? இப்போதான் உன் கம்பிக்கு வேல. முன்னாடி வழியா விட்டு அந்த மூக்கு மேல லேசா ரெண்டு தட்டு. இப்போ முட்ட எடம் இருக்கு பாரு. ஒரு நெல்லு அளவு நகந்தாப் போதும், மிச்சம் வழுக்கிக்கிட்டு வந்துரும். கோக்கா நேர்க் குழாய் இல்ல மாப்ள, பின்னாடி பெருத்து முன்னாடி சிறுத்து, ஆணி மாதிரி சாய்வு. எடத்தை விட்டுக் கெளம்புனதும் சுத்திலும் எடைவெளி கெடைச்சுரும்.

சாமான் இல்லைங்கிறியா? ஊருக்கு ஒரு பாதாளக்கரண்டி இல்லாத ஊரும் இருக்கத்தான் செய்யும். அப்போ பித்தளை மயிர் பிரஷ் இருக்குல்ல, குழல் தேய்க்கிறது, அதுல ஒரு சைஸ் பெருசா எடுத்து, அறைப் பக்கமா உள்ள விட்டு, ஒடிஞ்ச கோக்காவோட கழுத்தைத் தாண்டிப் போனதும் திருப்பி இழு. போறப்போ படிஞ்சு போன மயிரு திரும்புறப்போ நிமிந்துக்கிட்டுக் கடிக்கும். ஒரு பக்கம் வழுக்கும், ஒரு பக்கம் குத்தும். முந்தின ராத்திரியே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வெச்சா இன்னும் சுளுவு.

ஆனா அந்த எண்ணெயை அப்புறம் கந்தல் துணியால சுத்தமாத் துடைக்கணும். துடைக்கலேன்னா என்ன ஆயிரும்ப? சொல்றேன். தோட்டா வெடிக்கிறப்போ கோக்கா உப்பி அறைச் சுவரை இறுக்கிப் பிடிச்சுக்கும். பின்பக்க ஒதையில ஒரு பங்கை அந்தப் பிடி தாங்கிக்கும். சுவருல எண்ணெய் இருந்தா பிடி வழுக்கும், ஒதை மொத்தமும் போல்ட் மேல எறங்கும். ரைபிள் செய்யிற எடத்துல, பலம் பாக்கணும்னே எண்ணெய் தடவின தோட்டாவைச் சுட்டுப் பாப்பாங்க. நீ தெனம் தெனம் அந்தப் பரீட்சை வைக்க வேணாம்.

ஸ்க்ரூடிரைவருக்கு வருவோம். நெம்புனதுல அறைக்குள்ள ஒரு கீறல் விழுந்திருக்குன்ன பாரு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஒடிஞ்ச கோக்கா ஒரு நாள் சீக்கு. கீறல் ஆயுசுக்கும் சீக்கு. இனிமே ஒவ்வொரு வெடிக்கும் பித்தளை அந்தக் கீறலுக்குள்ள பிதுங்கிப் போயி உக்காந்துக்கும். பிடிச்சுக்கும். இன்னொருத்தன் வந்து இன்னொரு ஸ்க்ரூடிரைவரைத் தேடுவான். குடும்ப வழக்கம் இப்படித்தான் உண்டாகுது.

மோர் வந்துருச்சு பாரு. குடி. உப்பு பத்தலேன்னா சொல்லாத, நேத்து சொன்னதுக்கே இன்னும் பேச்சு முடியல.

சரி, எடுக்கிறதை விடு. ஏன் ஒடிஞ்சுச்சுன்னு ஒருத்தனாவது கேட்டானா? உள்ள மாட்டுனதை எட்டு பேரு குனிஞ்சு பாத்திருப்பீங்க. வெளிய வந்து விழுந்த அடித்துண்டை எவனாவது கையில எடுத்துப் பாத்தானா? அதுலதான் மாப்ள சேதியே இருக்கு. நீ பாதி வைத்தியன், பொணத்தை விட்டுட்டுப் பாடையைப் பரிசோதிச்சிருக்க.

த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடியில விளிம்பு இருக்கில்ல, அந்த விளிம்புதான் அறை வாசல்ல முட்டி நிக்கும். போல்ட் முகத்துக்கும் வாசலுக்கும் நடுவுல விளிம்பு உக்காரக் கொஞ்சம் எடம் வேணும். ராணுவக் கணக்குல அது ஒரு அங்குலத்துல ஆயிரத்துல 64 பாகத்துக்குக் குறையக் கூடாது, 74-க்கு மேல போகக் கூடாது. வயசான ரைபிள்ல தேஞ்சு தேஞ்சு அந்த எடம் கூடிரும். அப்போ என்ன ஆகும்? வெடிச்சதும் கோக்காவோட முன்பக்கம், மெல்லிசான பக்கம், உப்பி சுவரைப் பிடிச்சுக்கும். அடிப்பக்கம் கனமானது, அது பிடிக்காது. பின்னாடி எடம் இருக்கேன்னு அது பின்னாடி ஓடும். முன்னாடி ஒருத்தன் கட்டிப்பிடிச்சிருக்கான், பின்னாடி ஒருத்தன் ஓடுறான். நடுவுல இருக்கிற பித்தளை ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபடும். அடியிலிருந்து அரை விரக்கடை மேல, கனம் மெலிசாகுற எடத்துல, பட்டுன்னு அத்துக்கும். எல்லா ரைபிளும் ஒடிக்கிறது அநேகமா அதே எடத்துலதான்.

அதுவும் உன் த்ரீ நாட் த்ரீ இருக்கே, இந்த லீ என்ஃபீல்டு, இதுக்கு ஒரு கொணம் உண்டு. போல்ட்டைப் பூட்டுற கட்டை பின்னாடி இருக்கு, முன்னாடி இல்ல. வெடிக்கிறப்போ நீளமான போல்ட்டு கொஞ்சூண்டு அமுங்கி நிமிரும். வேகமாச் சுடுறதுக்கு இது மாதிரி ரைபிள் வராது, அதுல நான் சத்தியம் பண்ணுவேன். ஆனா பித்தளையை இழுக்கிற கொணம் அதுக்குக் கூடப் பொறந்தது. அந்த எடத்தைச் சரிபண்ணத்தான் அதுலயே நம்பர் ஃபோர்ங்கிற ரகத்துக்குப் போல்ட்டோட தலையை மட்டும் தனியா, 0, 1, 2, 3-ன்னு எண் போட்டுச் செஞ்சான். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஒரு தலைமுடி கனம்தான் வித்தியாசம். எடம் கூடிருச்சா, தலையைத் திருகிக் கழட்டு, அடுத்த எண்ணை மாட்டு, அளவுக்கட்டை போட்டுப் பாரு. தலையை மாத்துனா சரியாப் போற வியாதி உலகத்துல அது ஒண்ணுதான். நம்ம பஞ்சாயத்துல ரெண்டு தடவை மாத்திப் பாத்தோம், ஒண்ணும் ஆகல.

இஷாப்பூர் தொழிற்சாலையில செஞ்ச மார்க் த்ரீ ரகத்துக்கு அந்த எண் வசதி கெடையாது. அதுக்கு ஆர்மரர்தான் தலையைத் தேடிப் பிடிச்சு உரசிச் சேக்கணும். உங்க கோடவுன்ல கெடக்கிறது அநேகமா அந்த ரகம்தான்.

இன்னொண்ணு. ஒடியிறதுக்கு முன்னாடி கோக்கா சொல்லிட்டுத்தான் ஒடியும். அன்னைக்கு அந்த ரைபிள் சுட்டுப் போட்ட முந்தின கோக்காவை எல்லாம் பொறுக்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்திருந்தீன்னா, அதே எடத்துல சுத்திலும் மினுமினுன்னு ஒரு வளையம் தெரிஞ்சிருக்கும். அரைஞாண்கொடி கட்டின மாதிரி. கிளப்புல சுடுறவங்க ஒரே கோக்காவுல திரும்பத் திரும்ப மருந்து அடைச்சுச் சுடுவாங்க. அவங்க ஒரு கம்பி நுனியை வளைச்சு உள்ள விட்டு அடியிலிருந்து மேல தடவிப் பாப்பாங்க. வளையம் விழுந்திருந்தா உள்பக்கம் பள்ளம் தட்டும். தட்டுனா குப்பை. உனக்குக் கம்பிகூட வேணாம், கண்ணு போதும். கண்ணு எங்கே இருந்துச்சுன்னு நான் கேக்கல.

தோட்டா மேல பழி போட்டு எழுதிக் குடுக்கலாமான்னு யோசிக்கிற, மூஞ்சியிலேயே தெரியுது. போடு, உனக்கு முன்னாடி பெரிய பெரிய ஆளுங்க போட்டிருக்காங்க. 1876 ஜூன்ல அமெரிக்காவுல கஸ்டர்னு ஒரு தளபதி, லிட்டில் பிக்ஹார்ன்ங்கிற எடத்துல, செவ்விந்தியப் படை கிட்ட தன் கூட நின்ன ஆளு அத்தனையோடயும் மாண்டான். அப்போ அவங்க தோட்டா செம்பு. செம்பு இளகின சாமான், சூடான அறையில ஒட்டிக்கும். சிப்பாய்ங்க கத்தியை வெச்சு நெம்பிக்கிட்டே செத்தாங்க, இல்லேன்னா ஜெயிச்சிருப்போம்னு நூறு வருஷம் கதை சொன்னாங்க. 1983-ல அந்தப் புல்வெளி தீப்பிடிச்சு எரிஞ்சு தரை தெரிஞ்சுச்சு. தொல்லியல்காரங்க 1984-ல உலோகம் தேடுற மெஷினைப் பிடிச்சுக்கிட்டு அளந்து அளந்து பொறுக்கினாங்க. நெம்புன தடம் இருக்கிற கோக்கா கொஞ்சமே கொஞ்சம்தான் கெடைச்சுது. எதிர்ல எத்தனை பேர் நின்னாங்கங்கிறதை விட்டுட்டுக் கோக்காவைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்.

நெசமாவே தோட்டா மேல தப்பு இருந்த கதையும் உண்டு. வெள்ளைக்காரனோட மார்ட்டினி ஹென்றி ரைபிள். அதுக்குத் தோட்டா எப்படித் தெரியுமா? மெல்லிசான பித்தளைத் தகட்டைப் பாய் மாதிரி சுருட்டி, அடியில இரும்புத் தட்டு ஒண்ணை வெச்சு அடிச்சது. 1885 ஜனவரியில சூடான்ல அபு கிளியாங்கிற எடத்துல மணலும் சூடும் சேந்துக்கிச்சு. கொக்கி இழுத்தா அடித்தட்டு மட்டும் கையோட வரும், சுருட்டுன தகடு உள்ளேயே நின்னுக்கும். உன் கேசுக்கு அண்ணன். அதுக்கப்புறம்தான் ஒரே பித்தளையில இழுத்துச் செஞ்ச முழுக் கோக்காவுக்கு மாறுனானுங்க. அதுக்கும் முன்னாடி, 1857-ல, தோட்டான்னா காயிதப் பொட்டலம். உள்ள மாட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. கொழுப்பைத் தடவி வாயில கடிக்கச் சொன்னான், நாடே பத்திக்கிச்சு. மாட்டிக்கிற தோட்டா தேவலை.

இப்போ உன் நெசமான கவலைக்கு வருவோம். மெமோ இல்ல அது. கணக்கு. ரேஞ்சு முடிஞ்சா சுட்டது எத்தனையோ அத்தனை கோக்கா எண்ணித் திருப்பிக் குடுக்கணும்ல? நீ அம்பது வாங்கிட்டுப் போயி, நாப்பத்தொன்பதும் ஒரு அடித்துண்டும் குடுத்திருக்க. குமாஸ்தா வாங்க மாட்டேன்னுட்டாரு. சரிதானே? எனக்குத் தெரியாதா. எனக்கும் அதே நடந்துச்சு. 1968-ல, வடக்க ஒரு ரேஞ்சுல. சுட்டது வேறொரு பய, கோத்துல இருந்தது நான். அன்னைக்கு எங்க கோத்துக் குமாஸ்தா, ரொம்ப நேர்மையான மனுசன், அடித்துண்டைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, நோட்டுல நாப்பத்தொன்பதரைன்னு எழுதுனாரு. மேல இருந்து திரும்பி வந்துருச்சு: அரைங்கிறது என்ன கணக்கு, மிச்ச அரை எவன் கிட்ட இருக்கு, விசாரி.

மிச்ச அரை ரைபிள் கிட்ட இருக்குன்னு நான் சொன்னேன். ரைபிளைக் கேக்க முடியாதுன்னாரு. ராத்திரி பாதாளக்கரண்டியைப் போட்டு எடுத்தேன். காலையில ரெண்டு துண்டையும் கொண்டுபோயி மேசை மேல வெச்சேன். பாத்தாரு. யோசிச்சாரு. "இது இப்போ ரெண்டாச்சே"ன்னாரு. நோட்டைத் தொறந்து, அம்பத்தொண்ணுன்னு எழுதப் போறாரு மனுசன்! ஒரு கோக்கா கூட வந்தா அதுக்கு இன்னொரு விசாரணை.

நான் ஒண்ணும் பேசல. பைக்குள்ள இருந்து ஊர்ல இருந்து கொண்டுபோன சவ்வரிசிக் கூழ் வத்தலை ஒண்ணு எடுத்து ரெண்டா ஒடிச்சு அவர் முன்னாடி வெச்சு, "ஐயா, இது எத்தனை வத்தல்"னு கேட்டேன். ரொம்ப நேரம் பாத்தாரு. ரெண்டு துண்டையும் வாயில போட்டுக்கிட்டு, மென்னுக்கிட்டே ஒண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

போறப்போ உங்க அத்தைகிட்ட கேட்டு ஒரு டப்பா வத்தல் வாங்கிட்டுப் போ.